குரங்கு மூளை விருந்தோடு பேச்சை முடித்துவிடாதீர்கள்

"இண்டியானா ஜோன்ஸ் வரிசையில் வந்த 'டெம்பிள் ஆஃப் டூம்' இந்தியாவைக் கேவலப்படுத்திய படம் என்று இன்னும் எதற்குப் புலம்புகிறார்கள்? அது வெறும் மசாலாப் படம், அம்ரிஷ் பூரியே சம்மதித்து நடித்திருக்கிறார், நம்ம படங்களில் இல்லாததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். 1984இல் வந்த அந்தப் படம் எனக்கும் பிடிக்கும். சுரங்கத்துக்குள் தண்டவாளத்தில் வண்டிகள் ஒன்றையொன்று துரத்துகிற காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். ஆனால் புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தப்பான இடத்தைப் பிடித்துக்கொண்டு புலம்புகிறார்கள், அதனால்தான் "மசாலாப் படம்தானே" என்று ஒரே வரியில் அவர்கள் வாயை அடைத்துவிட முடிகிறது. உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

முதலில் எல்லோரும் பேசுகிற விருந்துக் காட்சி. பாங்கோட் என்ற கற்பனை சமஸ்தானத்து அரண்மனையில் குட்டி மகாராஜா விருந்து வைக்கிறார். பெரிய பாம்பின் வயிற்றைக் கீறினால் உள்ளேயிருந்து உயிரோடு குட்டிப் பாம்புகள் நெளிந்து வருகின்றன, அப்புறம் வண்டு, கண்விழி மிதக்கிற சூப்பு, கடைசியில் குரங்குத் தலைக்குள் வைத்துக் குளிரூட்டிய மூளை. எந்த ராஜா வீட்டுப் பந்தியிலும் இப்படி ஒரு சாப்பாடு கிடையாது என்பதைச் சொல்லவே தேவையில்லை. திவான் சத்தர் லாலாக நடித்த ரோஷன் சேத் இந்தக் காட்சிக்குப் பின்னாளில் ஒரு விளக்கம் சொன்னார்: இந்தியர்கள் இதையெல்லாம் தின்பவர்கள் என்று வெள்ளைக்காரர்கள் நினைக்கிறார்கள் என்பது அரண்மனைக்காரர்களுக்குத் தெரியும், அதனால் எதிர்பார்த்ததையே பரிமாறிக் கேலி செய்கிறார்கள், இயக்குநர் ஸ்பீல்பெர்க் யோசித்து வைத்த நகைச்சுவை அதுதான், ஆனால் அந்தப் படத்துக்கு அது ரொம்ப நுட்பமாகப் போய்விட்டது என்று. இருக்கலாம். திரையில் அந்த நுட்பம் எங்கேயும் இல்லை, அருவருப்பு மட்டும்தான் இருக்கிறது. அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் பலர், பள்ளிக்கூடத்தில் "உங்க வீட்டில் குரங்கு மூளை தின்பீங்களா" என்று கேட்டுச் சீண்டினார்கள் என்று பெரியவர்களான பிறகு எழுதியிருக்கிறார்கள். அந்த வலி உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அதே மேசையில் நடக்கிற பேச்சைக் கவனித்திருக்கிறீர்களா? சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளிப்பதில் பலர் அதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். பிளம்பர்ட் என்ற பிரிட்டிஷ் கேப்டன் விருந்தாளியாக வந்திருக்கிறார். 1857 சிப்பாய்க் கலகம் பற்றிப் பேச்சு வருகிறது. பிரிட்டிஷார் அந்தக் கலகத்தை மறக்கவே மாட்டார்கள் போலிருக்கிறது என்கிறார் சத்தர் லால். அவர்கள் தங்கள் சாம்ராஜ்யத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதால் நாங்களெல்லாம் நன்றாகப் பராமரிக்கப்படுகிற குழந்தைகளைப் போல உணர்கிறோம் என்றும் குத்தலாகச் சொல்கிறார். படத்தில் ஆங்கிலேய ஆட்சியைப் பற்றி ஒரு இந்தியர் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிற இடம் இது ஒன்றுதான். படித்த மனிதர், கோட்டுப் போட்டவர், பேச்சில் கூர்மை உள்ளவர். கொஞ்ச நேரத்தில் என்ன தெரிய வருகிறது? அவர் பூமிக்கடியில் நரபலி கொடுக்கிற தக்கர் கூட்டத்தின் ரகசியக் கூட்டாளி.

கதை நடக்கிற வருஷம் 1935 என்று படமே போட்டுக் காட்டுகிறது. உப்புச் சத்தியாகிரகம் முடிந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. புதிய இந்திய அரசுச் சட்டம் வந்த வருஷம். காந்தி, நேரு, பெரியார், அம்பேத்கர் என்று ஆளுக்கொரு திசையில் நாடு முழுக்கப் பேசிக்கொண்டிருந்த காலம். இதில் ஒரு சொல்கூடப் படத்துக்குள் கிடையாது. பிரிட்டிஷாரைத் துரத்த வேண்டும் என்று படத்தில் சொல்கிற இன்னொரு ஆள் மோலா ராம், அம்ரிஷ் பூரி நடித்த பூசாரி. இந்தியாவில் உள்ள பிரிட்டிஷாரைக் கொன்று குவிப்போம், அப்புறம் முஸ்லிம்களை வெல்வோம், அப்புறம் யூதர்களின் கடவுள் வீழ்வார், கடைசியில் கிறிஸ்தவர்களின் கடவுளும் மறக்கப்படுவார் என்று வரிசையாகத் திட்டம் சொல்கிறான். ஆக, இந்தப் படத்தின் இந்தியாவில் வெள்ளைக்கார ஆட்சி வேண்டாம் என்று நினைப்பவன் ஒன்று இதயத்தைப் பிடுங்குகிற வெறியன், இல்லையென்றால் அவனுக்கு உடந்தை. முடிவில் தொங்குபாலத்தில் எல்லோரும் மாட்டிக்கொண்டு கிடக்கும்போது காப்பாற்ற வருவது யார் என்று பாருங்கள். அதே கேப்டன் பிளம்பர்ட், துப்பாக்கிப் படையோடு. என்னைப் பொறுத்தவரை குரங்கு மூளையைவிட ஆயிரம் மடங்கு கனமான விஷயம் இதுதான். நல்ல இந்தியன் யார், கெட்ட இந்தியன் யார் என்பதை ஒரே ஒரு அளவுகோலில் படம் பிரித்து வைத்துவிடுகிறது.

வேடிக்கை என்று சொல்ல மாட்டேன், வருத்தம்தான்: 1982இல் வந்த 'காந்தி' படத்தில் நேருவாக நடித்தவர் இதே ரோஷன் சேத். அம்ரிஷ் பூரியும் அந்தப் படத்தில் இருந்தார். இரண்டே வருஷத்தில் இந்த வேடங்கள்.

சரி, இந்தக் கதை எங்கிருந்து வந்தது? ஸ்பீல்பெர்க்கும் கதையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸும் உட்கார்ந்து புதிதாகக் கற்பனை செய்ததல்ல. இதன் வேர் ஒரு போலீஸ் கோப்பில் இருக்கிறது.

1830களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி வில்லியம் ஸ்லீமன் மத்திய இந்தியாவில் தக்கர் ஒழிப்பு வேலையை நடத்தினார். வழிப்பயணிகளோடு நட்பாகச் சேர்ந்து போய், கழுத்தைத் துணியால் நெரித்துக் கொன்று, உடலைப் புதைத்துவிட்டுக் கொள்ளையடித்த கும்பல்கள் இருந்தன. அதை மறுப்பதற்கில்லை, கிம் வாக்னர் போன்ற வரலாற்று ஆய்வாளர்களும் அதெல்லாம் வெறும் கட்டுக்கதை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கும்பல்களில் வேலையிழந்த படைவீரர்கள் இருந்தார்கள், பங்கு வாங்கிக்கொண்டு ஆதரித்த ஜமீன்தார்கள் இருந்தார்கள், முஸ்லிம்கள் கணிசமாக இருந்தார்கள். வறுமையும் ஆட்சி மாற்றமும் சேர்ந்து உண்டாக்கிய கொள்ளை அது. ஸ்லீமன் எழுதிய சித்திரமோ வேறு: நாடு முழுக்கப் பரவிய ஒரே ரகசியச் சமயம், காளிக்காகக் கொலை, பரம்பரை பரம்பரையாகத் தொழில். அவருக்கு இந்தச் சித்திரம் கிடைத்தது பெரும்பாலும் அப்ரூவர்களாக மாறிய கைதிகளின் வாக்குமூலத்திலிருந்து. தூக்கா உயிரா என்ற நிலையில் இருக்கிற கைதி, கேட்கிற அதிகாரிக்கு என்ன வேண்டுமோ அதைச் சொல்வான் என்பது எந்தக் கோர்ட்டுக்கும் தெரிந்த சங்கதி.

அந்தச் சித்திரத்தை நம்பிச் சட்டமும் வந்தது. 1836இல் போட்ட சட்டத்தின்படி ஒருவன் குறிப்பிட்ட கொலையைச் செய்தான் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று காட்டிவிட்டால் ஆயுள் தண்டனை கொடுக்கலாம். செய்த குற்றத்துக்குப் பதிலாகச் சேர்ந்திருந்த கூட்டத்துக்குத் தண்டனை. இந்த எண்ணம் அதோடு நிற்கவில்லை, 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டமாக விரிந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் ரேகைச் சட்டம் என்றால் வயதானவர்கள் இன்றும் புரிந்துகொள்வார்கள். ஒரு சாதியில் பிறந்த ஒரே காரணத்துக்காகக் கைரேகை பதிய வேண்டும், ராத்திரியில் போலீஸ் சொல்கிற இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்ற மக்களைப் போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். தக்கர் ஒழிப்புக்கென்று தொடங்கிய இலாகா, தக்கர்கள் ஒழிந்துவிட்டார்கள் என்று அறிவித்த பிறகும் 1904 வரை இயங்கியது. "பரம்பரைக் கொலைகாரர்கள்" என்ற ஒரு கதை எத்தனை பேர் முதுகில் விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள். இதனால்தான் "கதைதானே" என்ற வாதம் என்னிடம் எடுபடாது.

கோப்பிலிருந்து நாவலுக்குப் போவதற்கு அதிக நாள் ஆகவில்லை. நிஜாம் அரசில் பணியாற்றிய மெடோஸ் டெய்லர் 1839இல் ஒரு தக்கரின் வாக்குமூலம் என்ற வடிவத்தில் நாவல் எழுதினார், இங்கிலாந்தில் சக்கைப்போடு போட்டது. அதில் கதை சொல்கிற தக்கரின் பெயர் அமீர் அலி. காளி கோயில், ரகசியக் குகை என்று பின்னால் சினிமா கட்டிய ஜோடனைகளுக்கு இந்த நாவலும் ஸ்லீமனும்தான் கச்சாப் பொருள்.

நூறு வருஷம் கழித்து, 1939இல், ஹாலிவுட் 'கங்கா தீன்' எடுத்தது. ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங்கின் கவிதைதான் அடிப்படை என்று விளம்பரம். அந்தக் கவிதையில் தக்கரும் கிடையாது, காளியும் கிடையாது, குண்டடிபட்ட சிப்பாய்க்குத் தண்ணீர் கொடுத்துச் செத்துப்போகிற ஒரு தண்ணீர் சுமக்கும் ஆளின் கதை மட்டும்தான். கலிபோர்னியாவின் லோன் பைன் மலைகளை இந்தியா என்று காட்டி, கேரி கிராண்டை மூன்று சார்ஜெண்டுகளில் ஒருவராகப் போட்டு, வில்லன் குருவாக இத்தாலியில் பிறந்த எடுவர்டோ சியன்னெல்லியை வைத்து எடுத்தார்கள். அந்தக் குரு பேசுகிற ஒரு வசனம் என்னால் மறக்க முடியாதது. நீங்கள் உங்கள் நாட்டுக்காகச் சாகத் தயாராக இருக்கிறீர்கள், இந்தியா என் நாடு, என் நம்பிக்கை, நானும் அதற்காக அப்படியே சாவேன் என்று சொல்லிவிட்டுப் பாம்புக் குழிக்குள் குதித்துவிடுகிறார். சுதந்திரப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது தேசபக்தியைக் கொண்டுபோய் யார் வாயில் வைத்தார்கள் பாருங்கள், கழுத்தை நெரிக்கிற கூட்டத்தின் தலைவன் வாயில். 1984இல் சத்தர் லாலும் மோலா ராமும் செய்வது அதே வேலை, அச்சு அசலாக.

அன்றைக்கே நம் ஆட்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1938இல் அலெக்சாண்டர் கோர்டா தயாரித்த 'த டிரம்', மைசூர் சீமையில் பிறந்த யானைப்பாகன் பையன் சாபு நடித்தது, பம்பாயிலும் சென்னையிலும் திரைக்கு வந்தபோது இது ஆங்கிலேய ஆட்சிக்குப் பிரச்சாரம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. இன்றைக்குச் சிலர் சொல்வதுபோல இதெல்லாம் புதிதாக முளைத்த மனவருத்தம் இல்லை.

இனி கிராமத்துக் காட்சி. விமானம் விழுந்து, ரப்பர் படகில் மலையிலிருந்து சறுக்கி வந்து சேர்கிற கதாநாயகன் ஜோன்ஸை ஊர்ப் பெரியவர் பார்த்ததும், உன்னைச் சிவன்தான் வானத்திலிருந்து அனுப்பினார் என்கிறார். ஊர்ப் பிள்ளைகளைத் தக்கர் கூட்டம் கடத்திக்கொண்டு போய்விட்டது, ஊரின் புனிதக் கல் திருட்டுப் போய்விட்டது, கிணறு வறண்டுவிட்டது. அவ்வளவு பெரிய ஊரில் ஒரு ஆள்கூட ஒரு கம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பவில்லை. உட்கார்ந்து அழுகிறார்கள், விருந்தாளிக்குச் சோறு போடுகிறார்கள், சாமி அனுப்பிய வெள்ளைக்காரரைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். தங்கள் கல்லைப் பற்றித் தெரிந்தவர்களும் அவர்களல்ல, சிவனிடம் அந்தக் கற்களைப் பெற்றவராகப் படத்தில் வரும் சங்கரரின் கதையையும் கல்லில் உள்ள கோடுகளையும் படித்துப் பொருள் சொல்கிறவர் அமெரிக்கப் பேராசிரியர்தான். ஜோன்ஸ் கதாபாத்திரத்துக்கு இங்கே மரியாதை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தட்டில் போட்டதைத் தின்ன மறுக்கிற, கூட வந்த பாடகியிடம், இவர்கள் ஒரு வாரம் சாப்பிடுகிறதைவிட இது அதிகம், சாப்பிடு என்று கண்டிக்கிறார். நல்ல மனசு. ஆனால் இரக்கப்படுகிற இடத்தில் அவர்களும், காப்பாற்றுகிற இடத்தில் இவரும் என்ற ஏற்பாடு கடைசிவரை அசையவே இல்லை.

அந்தப் பெரியவராக நடித்தவர் இலங்கையின் மூத்த நடிகர் டி. ஆர். நாணாயக்கார. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, காமிராவுக்குப் பின்னாலிருந்து சொல்லச் சொல்ல அப்படியே திருப்பிச் சொல்லி நடித்தார். கிராமத்தார் தங்களுக்குள் பேசுவது சிங்களம். வட இந்தியாவில் இருப்பதாகக் காட்டப்படுகிற கிராமத்தில் எல்லோரும் சிங்களம் பேசுகிறார்கள்! காரணம், இந்திய அரசு கதையைப் படித்துவிட்டு மாற்றங்கள் கேட்டது, படக்குழு ஒத்துக்கொள்ளவில்லை, 1983 ஏப்ரலில் கண்டிக்குப் போய்விட்டார்கள். தொங்குபாலத்தையும் அந்தப் பக்கம்தான் கட்டினார்கள், விக்டோரியா அணை வேலைக்கு வந்திருந்த பொறியாளர்களின் உதவியோடு. மேற்கத்தியப் பார்வையாளருக்கு இந்தி எது சிங்களம் எது என்று தெரியப் போவதில்லை, அதனால் யாரும் கவலைப்படவில்லை. நமக்குக் காதில் விழுந்த அந்த நொடியே படத்தின் இந்தியா உடைந்துவிடுகிறது.

காளி விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. படம் சிவனை நல்ல சாமியாகவும் காளியைப் பேயாகவும் பிரித்து எதிரெதிரே நிறுத்துகிறது. பாலத்தில் ஜோன்ஸ், நீ சிவனுக்குத் துரோகம் செய்துவிட்டாய் என்று மோலா ராமைப் பார்த்து மந்திரம் சொன்னதும் கல் நெருப்பாகிவிடுகிறது. காளி யார் என்று இங்கே ஊர் எல்லையில் காளியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். தில்லையில் ஆடல்வல்லானோடு போட்டி போட்டு ஆடியவள் என்ற கதையில்கூட அவள் கெட்டவள் அல்ல. உக்கிரமானவள், அதோடு தாய். இந்த இரண்டும் ஒரே தெய்வத்தில் இருக்கலாம் என்பது அந்தத் திரைக்கதைக்குள் நுழையவே முடியவில்லை. இத்தனைக்கும் எழுதிய வில்லார்ட் ஹயக், குளோரியா காட்ஸ் தம்பதியை லூகாஸ் சேர்த்துக்கொண்டதற்கு ஒரு காரணம் அவர்களுக்கு இந்தியக் கலையில் இருந்த ஈடுபாடு. பொம்மையைப் பார்த்து ரசித்திருக்கிறார்கள், கும்பிடுகிறவர்களிடம் பேசவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது உங்கள் அம்ரிஷ் பூரி கேள்வி. நமக்குத் 'தளபதி' கலிவரதனாகத் தெரிந்த அதே மனிதர். தன் சுயசரிதையில் இதற்கு நேராகவே பதில் எழுதியிருக்கிறார்: அது ஒரு கற்பனைக் கதை, நம் படங்களில் நாமே இதைச் செய்கிறோம், வெளிநாட்டு இயக்குநர் செய்தால்தான் நமக்குச் சுருக்கென்கிறது என்ற பொருளில். இதில் பாதி உண்மை, அதை மறுக்க எனக்கு வாய் வராது. காட்டுவாசி என்றால் இலையைக் கட்டிக்கொண்டு புரியாத சத்தம் போடுகிற கூட்டமாகவும், ஆப்பிரிக்கர் என்றால் போதைமருந்து விற்கிறவராகவும் காட்டிய தமிழ்ப் படங்கள் உண்டு. அதைக் கண்டிக்காமல் இதை மட்டும் கண்டிப்பது அநியாயம். மற்றப் பாதியில்தான் நான் பூரியோடு உடன்படவில்லை. நம் படத்தில் ஒரு மந்திரவாதி நரபலி கொடுத்தால், அடுத்த காட்சியில் வாத்தியார் வருகிறார், ரிக்‌ஷாக்காரர் வருகிறார், காதல் தோல்வியில் ஒருவன் பாடுகிறான். பார்க்கிறவனும் தெருவில் இறங்கினால் ஆயிரம் பேரைப் பார்க்கிறான். மந்திரவாதி ஆயிரத்தில் ஒருவன். 'டெம்பிள் ஆஃப் டூம்' உலகம் முழுக்க 33 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். 1984இல் அதைப் பார்த்த ஒரு அமெரிக்கச் சிறுவனுக்கு இந்தியா என்றால் அந்த இரண்டு மணி நேரம்தான், அதற்கு மாற்றாக அவன் கண்ணில் வேறு எதுவும் படவில்லை.

"கற்பனை" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, ஏனென்றால் படமே அப்படி நடந்துகொள்ளவில்லை. நிஜ வருஷம், நிஜ 1857, நிஜக் கும்பலின் பெயர். இந்த வகைப் படங்களின் பழக்கமே இதுதான், நிஜமான பெயரை எடுத்துக்கொண்டு உள்ளே இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். 1989இல் வந்த மூன்றாவது இண்டியானா ஜோன்ஸ் படத்தில் ஹதாய் நாட்டு (இன்றைக்குத் துருக்கியின் ஒரு பகுதி) சுல்தான் ஒரு ரோல்ஸ்ராய்ஸ் காருக்கு ஆசைப்பட்டு நாஜிகளுக்கு உதவுகிறார். கதை நடக்கிற 1938இல் ஹதாய் ஒரு குடியரசு, அங்கே சுல்தானே கிடையாது. 1999இல் வந்த 'த மம்மி'யில் சாபம் பிடித்த பிணமாக எழுந்து வருகிற இம்ஹோடெப் நிஜத்தில் யார்? சக்காராவில் ஜோசர் மன்னனுக்குப் படிப் பிரமிடு எழுப்பியவர், பின்னாளில் எகிப்தியர்கள் மருத்துவக் கடவுளாகவே கும்பிட்ட அறிஞர். அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கும் அப்பால் வாழ்ந்த ஒரு ராஜாவின் பூசாரியாக்கி, ராஜாவின் ஆசைநாயகியோடு கள்ளக்காதல் வைத்து, மனிதர்களை உறிஞ்சுகிற பூதமாக்கிவிட்டார்கள். ஒரு எகிப்தியப் பிள்ளை இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அரபிகளை ஹாலிவுட் காட்டிய விதத்தை மட்டுமே தேடி ஜாக் ஷாஹீன் 900க்கும் மேற்பட்ட படங்களைத் தொகுத்து 2001இல் புத்தகம் போட்டார். அதில் நல்லவிதமாகக் காட்டியவை விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

இந்தியாவில் அந்தப் படத்துக்குச் சில காலம் தடை இருந்தது. தடை எனக்கு உடன்பாடில்லை, அதனால் ஒரு பயனும் விளையவில்லை, வீடியோ கேசட்டில் எல்லோரும் பார்த்தார்கள். பயன் விளைந்த இடம் வேறு. எகிப்து இயக்குநர் முகமது தியாப் 2022இல் 'மூன் நைட்' தொடரை எடுத்தபோது, ஹாலிவுட்டின் கெய்ரோ எப்போதும் ஒட்டகமும் மணலுமாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சண்டை போட்டு, கெய்ரோவை நெரிசலும் வெளிச்சமும் உள்ள நகரமாகக் காட்டினார், இசைக்கும் எகிப்தியரான ஹிஷாம் நஸீயைக் கூட்டி வந்தார். சாகசம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

வீட்டில் பிள்ளைகளோடு 'டெம்பிள் ஆஃப் டூம்' பார்க்கலாமா என்றால், பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாகப் பாருங்கள். அதற்குக் கீழே வேண்டாம், இதயம் பிடுங்குகிற காட்சி நிஜமாகவே பயங்கரம், அமெரிக்காவில் அந்தப் படத்தின் வன்முறை கிளப்பிய சர்ச்சையால்தான் 13 வயதை ஒட்டி ஒரு புதுத் தணிக்கைப் பிரிவே வந்தது. பார்க்கும்போது விருந்துக் காட்சியில் ஒரு நிமிஷம் நிறுத்தி, தட்டுகளை விட்டுவிட்டு, சத்தர் லால் என்ன சொன்னார் என்று மட்டும் பிள்ளைகளிடம் கேளுங்கள். அப்புறம் அவர் சொன்னது தப்பா என்றும் கேளுங்கள்.